துணி அல்லாதது

சாங்க்ட் காலன் நகரில், ஆயிரத்து அறுநூற்று ஆறில்,
பனி உருகித் தெருவெல்லாம் சேறான ஒரு காலையில்
யோஸ் ஷெரர் கையெழுத்துப் பிரதியை விளக்கருகே பிடித்து
முதலாளியைக் கூப்பிட்டான்:
"இங்கே ஒரு பிழை."

பிழை இல்லையாம்.
எழுதியவர் தெரிந்தே போட்ட சொல்.
ஒன்டோலோகியா.
"லத்தீன் மாதிரி இருக்கிறது, லத்தீனில் இல்லையே?"
"கிரேக்கம்."
"கிரேக்கத்திலும் இல்லை என்கிறார் மெய்ப்புப் பார்ப்பவர்."
"சாயங்காலத்துக்குள் இருக்கும். கோர்த்து முடி."

அச்சுக் கோர்ப்பவனுக்குச் சொல் என்பது எடை.
தலைகீழாய் நிற்கும் ஒன்பது ஈயத் துண்டுகள்,
அவற்றில் மூன்று வட்டம்.
வட்டங்கள் கிடக்கும் அறை அன்று காலி,
முந்தின பக்கம் எல்லாவற்றையும் தின்றிருந்தது.
நடுவில் ஓட்டை வைத்து வார்த்த எழுத்து அது,
ஈயம் கொஞ்சம், இன்மை கொஞ்சம்.
அச்சாகி முடிந்த ஒரு பிரசங்கத்தைப் பிரித்தான்.
லத்தீனின் 'ஹோமோ'விலிருந்து, மனிதனிடமிருந்து, இரண்டு.
'தேயோ'விலிருந்து, கடவுளிடமிருந்து, ஒன்று.
போதும்.

'ஓன்' என்றால் உள்ளது.
வேற்றுமை ஏற்றால் 'ஓன்டோஸ்', உள்ளதன்.
வால்பகுதி பேச்சு, அல்லது கணக்கு, அல்லது ஆராய்ச்சி.
கேள்விக்கு அப்போதே இரண்டாயிரம் வயது.
ஏதென்ஸின் தூண்களுக்கிடையே நடந்து நடந்து கேட்டவர்கள்
பெயர் வைக்காமலே அதை வளர்த்துவிட்டார்கள்.

யோஸைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும்.
அவன் இருந்ததில்லை.
ஊர் இருந்தது, ஆண்டு இருந்தது, சொல் இருந்தது.
அவனை நான் கோர்த்தேன்
என் பெட்டியில் கிடந்ததைக் கொண்டு.
ஆனாலும் பாருங்கள், அவன் நகக்கண்ணில் மை.
சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வீட்டில் பார்பெல் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.
மேசைமேல் குளிர்காலம் முழுக்க அவள் நெய்த லினன்,
நடுவே வெட்டுப்பட்டு.
சோதனைக்காரர்கள் இழை எண்ணுவார்கள்.
தேறினால் முத்திரை, தேறாவிட்டால் கத்தரி.
"இது துணியே இல்லை என்றார்கள்."
"நீ?"
"துணி இல்லையென்றால் நவம்பரிலிருந்து
என் முதுகை ஒடித்தது எது என்று கேட்டேன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்."

யோஸ் சிரித்திருக்கக் கூடாது.
"அந்தக் கேள்விக்கு இன்றைக்குத்தான் பெயர் வந்தது" என்றான்.
"பெயருக்கு முழம் எவ்வளவு தருவார்கள்?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு வசதி உண்டு, அவளுக்கு இல்லை.
உள்ளதன் தன்மையை நாங்கள் உண்மை என்கிறோம்,
அதற்காக யாரும் பிரசங்கத்தைப் பிரிக்கவில்லை.
இல் என்றால் வீடு.
இல் என்றால் இல்லை.
தெரியாமலே இரண்டுக்கும் நடுவில் நின்று
அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள் பார்பெல்.

சமாதானமாக, மெய்ப்புத் தாளை எடுத்து நீட்டினான்.
லத்தீன் அவளுக்குத் தெரியாது.
எழுத்தைப் பார்க்காமல், தாளைத் தூக்கி
விளக்குக்கு முன்னால் பிடித்தாள்.
"இது லினன்."
"தாள்."
"கந்தல்காரன் வாங்கிப் போனது. இதோ, இழை."
புதுச் சொல்லின் மூன்றாம் வட்டத்துக்குள்,
மை படாத இடத்தில்,
மசியாமல் தப்பிய ஒரு நீல நூல்.
யாரோ உடுத்தியது.

வெட்டுப்பட்டதை அவள் கந்தல் மூட்டையில் போடவில்லை.
ஈஸ்டருக்குள் அதில் ஒரு சட்டை தைத்தாள்,
முதுகின் குறுக்கே தையல் ஓட,
துணி அல்லாத துணியில்,
இருந்திராத ஒருவனுக்கு.

தோளில் கொஞ்சம் இறுக்கம் என்றான்.